நேராக வெட்டிய வளையங்கள்

அத்தியாயம் 11

போன வாரம் அக்கா போனை வைத்த இடத்திலேயே நாமும் கதையை வைத்துவிட்டு வந்தோம். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது, நமக்கும் அவளுக்கும்.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் புத்தக பைண்டிங் செய்கிறவள் நம் கதாநாயகி. அங்கே முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. நமக்கும் அக்காதான். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கூட இருப்பது தம்பி, கல்யாணமாகாதவன், தெருமுனை பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன். வருஷத்தில் ஒரு மாதம், பள்ளி விடுமுறைக்கு மட்டும், மூன்றாவதாக ஒரு ஆள் வந்து சேரும். அக்காவின் மகள், எட்டு வயது. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்பதால் மாமா வைத்த பெயர் மிளகு.

மற்ற மாதங்களில் மிளகு அப்பா வீட்டில். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை; மறுபடி கல்யாணம் செய்துகொண்டவர், அந்த மனைவி மிளகுக்குச் சித்தி. அவரும் அக்காவும் பிரிந்த கதை பழசு. பிரிந்தபோது பிள்ளை அக்காவிடம்தான் இருந்தது. அப்புறம் அக்காவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. எட்டு மாதம் ஆஸ்பத்திரி. பிள்ளையைப் பக்கத்தில் விடக்கூடாது என்றார்கள். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். நோய் போய்விட்டது, பிள்ளை மட்டும் திரும்பி வரவில்லை.

போன வாரம் அவர் போனில் சொன்னது இதுதான்: "விடுமுறை முடியிற அன்னைக்கு நான் வர்றேன். இனிமே எங்க இருக்கணும்னு அவளையே கேட்டுடலாம். அவ என்ன சொல்றாளோ அதுதான். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நல்ல மனுஷன்தான். அக்காவுக்கு அதுதான் பயமே. கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

அந்தச் சங்கிலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடுமுறையின் முதல் நாளே அம்மாவும் மகளும் உட்கார்ந்து ஒரு காகிதச் சங்கிலி செய்தார்கள். அச்சகத்துக் கட்டிங் மெஷினில் ஓரம் ஓரமாக விழும் வண்ணத்தாள்தான் சரக்கு. மிளகு கத்தரிக்கோலால் துண்டு போட, அக்கா பசை தடவ, முப்பது வளையம். ஒரு நாளைக்கு ஒன்று என்று காலையில் கிழிக்க வேண்டும். அப்பா என்றைக்கு வரட்டும் என்று கேட்டதற்கு மிளகு, "சங்கிலி முடியிற அன்னைக்கு" என்று சொல்லிவிட்டாள். அவரும் தினம் சாயங்காலம் போனில் "இன்னும் எத்தனை வளையம்?" என்று கேட்டுக்கொள்வார். மூன்று நாள் தள்ளி வரக் கூடாதா என்று அக்கா கெஞ்சியபோதும், "மிளகு சொல்ற கணக்குதான் எனக்கு. பள்ளிக்கூடத்துல நான் பேசிக்கிறேன்" என்றார்.

அப்படியானால் வளையம் கூடினால் நாளும் கூடும். மிளகு குளிக்கப் போன நேரத்தில் அக்கா மூன்று வளையங்களை வெட்டி, சங்கிலியின் நடுவில் ஒட்டிவிட்டாள். ஒட்டிவிட்டு, பெரிய திருட்டுச் செய்தவள் மாதிரி கையைக் கழுவினாள்.

இதோ, சனிக்கிழமை காலை.

சமையல் மேடையில் ஆறு பாக்கெட் பிஸ்கட் அடுக்கியிருந்தது. பிஸ்கட் உருண்டை செய்ய வேண்டும் என்று மிளகு நேற்றே உத்தரவு போட்டிருந்தாள். அக்கா பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இன்னைக்கு நாலு மணிக்கு வந்துடறேன்" என்றார் அவர்.

"இன்னைக்கா?"

"நேத்து ராத்திரி சொன்னாளே, ஒரே ஒரு வளையம்தான் மிச்சம்னு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அக்கா அதை அணைக்காமலேயே அறைக்குப் போனாள்.

மிளகு வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு சிவப்பு வளையம் தொங்கியது. நாலு இருந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கப் பயந்து ஒரு வாரமாக அந்த ஜன்னல் பக்கம் நிமிர்ந்தே பார்க்காமல் இருந்ததற்கு இதுதான் பலன்.

தம்பி குளியலறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கிழிச்சியாடா?"

"எத?"

"சங்கிலிய. நாலு இருக்கணும். ஒன்னுதான் இருக்கு."

தம்பி நுரையைத் துப்பிவிட்டு முழித்தான். "நாலா? ஆறுல்ல இருக்கணும்?"

"என்னடா ஆறு?"

"நான் ரெண்டு ஒட்டினேன்ல."

"நீயா? எப்போ?"

"செவ்வாக்கிழமை. நீ ஒரு மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. பாக்கச் சகிக்கல. சரி, ரெண்டு நாள் கூட இருக்கட்டுமேன்னு... ஆமா, நீ எப்போ ஒட்டினே?"

"அதுக்கு முன்னாடியே. மூணு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில், ஒரே சங்கிலியில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கைவரிசை காட்டிய அக்காவும் தம்பியும். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"அப்போ அஞ்சு வளையம் எங்க போச்சு?" என்றான் தம்பி.

"நான்தான் எடுத்தேன்" என்றது அறையிலிருந்து ஒரு குரல். மிளகு எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஒரு பக்கம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அக்கா கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "எது ஒட்டினதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் வெட்டினதெல்லாம் கோணல். உன்னோடது மூணும் நேரா இருந்துச்சு. மாமாவோடதுல வெண்ணெய் வாசனை."

தம்பி தன் விரல்களை முகர்ந்து பார்த்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷம் பைண்டிங்கில் இருந்த கை அது. தாளை வைத்தால் நேராகத்தான் வெட்டும். பிள்ளை வெட்டியது போலக் கொஞ்சம் கோணலாக வெட்டுவோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கை கேட்டிருக்காது.

"ஏன் கண்ணு எடுத்தே?"

"நீங்க ஒட்டிக்கிட்டே இருந்தா அப்பா வர்ற நாள் தள்ளிப் போயிடும்ல?"

"போனா என்ன?"

"போகக் கூடாது."

"ஏன்?"

"சாயங்காலம் சொல்றேன்" என்ற மிளகு, கட்டில் மேல் ஏறி நின்று, கடைசி வளையத்தை ஒரே இழுப்பில் கிழித்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு அக்கா ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கொண்டாள். நாள் போகக் கூடாது என்று தான் ஒட்ட ஒட்ட, போக வேண்டும் என்று பிள்ளை பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஒரு மாதமும் அவளுக்கு எப்போதடா முடியும் என்றுதான் இருந்திருக்கிறது.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான். "சின்னப் பிள்ள ஏதோ சொல்லுது. அதப் போட்டுக் கொழப்பிக்காத. அஞ்சு மணிக்கு நான் வந்துடறேன்."

"அவரு நாலு மணிக்கே வர்றாரு."

"வரட்டும். டீ போட்டுக் குடு. நான் வந்ததும் பேசலாம்."

பத்து மணிக்கு உருண்டை வேலை ஆரம்பமானது. பிஸ்கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டையால் நசுக்குவது மிளகின் வேலை. அவள் நசுக்கிய நசுக்கில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவார் போல இருந்தது. பிஸ்கட் தூளில் கோகோ பவுடர், உருக்கிய வெண்ணெய், டின் பால். அக்கா பிசைந்தாள், மிளகு உருட்டினாள். அடுப்பே வேண்டாம். உருட்டி, சர்க்கரைத் தூளில் புரட்டி, தட்டில் வைத்துக் குளிரவிட்டால் ஆயிற்று.

"பெரிசா உருட்டாதம்மா. வாய்க்குள்ள போகணும்."

"சரிங்க முதலாளி."

"சித்திக்கு ஆறு, அப்பாவுக்கு ஆறு. உனக்கும் மாமாவுக்கும் மிச்சம்."

உருண்டை குளிர்வதற்குள் டப்பா செய்தார்கள். அதற்கும் அச்சகத்து அட்டைதான், புத்தகத்தின் மேலட்டைக்கு வெட்டியதில் மிச்சம். நாலு பக்கமும் மடித்து, மூலையில் பைண்டிங்குக்கு ஒட்டும் காலிகோ துணி ஒட்டி, மேலே ரிப்பன். மிளகு நாக்கைத் துருத்திக்கொண்டு பெயர் எழுதினாள். ஒரு டப்பாவில் 'அப்பா'. அடுத்ததில் 'சித்தி'. மூன்றாவதை எடுத்து 'பாப்பா' என்று எழுதினாள்.

"எந்தப் பாப்பா?" என்று கேட்டாள் அக்கா.

மிளகு பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"சித்தி வயித்துல இருக்கிற பாப்பா."

பசைக் கிண்ணத்தில் விட்ட பிரஷ்ஷை அக்கா வெளியே எடுக்கவே இல்லை. "எப்போ பொறக்குமாம்?"

"அடுத்த மாசம். அதுக்குப் பல்லு இருக்காது. அதனால உருண்டை கிடையாது. தொங்கல் செய்யப்போறேன். பேப்பர் மீன், ஏழு. நூல்ல கட்டி மேல மாட்டினா பாப்பா படுத்துக்கிட்டே பாக்கும்."

"இத்தன நாளா ஏன் சொல்லல? அப்பா சொல்ல வேணாம்னாரா?"

"இல்ல. நானாத்தான். உனக்கு அழுகை வரும்னு."

"எனக்கு எதுக்கு அழுகை வரணும்?"

"இப்ப வருதே" என்றாள் மிளகு.

அக்கா எழுந்து முகம் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அங்கே தொட்டில் வரப்போகிறது. தம்பியோ தங்கையோ வரப்போகிறது. எட்டு வயசுப் பிள்ளை அதை விட்டுவிட்டு, பசை நாற்றம் அடிக்கும் அம்மாவோடு இரண்டு அறைக்குள் இருப்பேன் என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

சர்க்கரைத் தூள் தீர்ந்துவிட்டது. கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்கா பேக்கரிக்குப் போனாள். முன்பக்கம் விடுமுறைக் கூட்டம். ஆளுக்கொரு கேக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். சுவரெல்லாம் தட்டு அடுக்கிய ஸ்டாண்டு, தரையெல்லாம் மாவு. தம்பி தோளில் துணியோடு அடுப்புக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தான். முகம் சிவந்து கிடந்தது.

"அங்க குழந்த பொறக்கப் போவுதாம்டா."

"யாரு சொன்னா?"

"அவதான். அதான் நாளக் கிழிச்சுக்கிட்டே இருந்திருக்கா. போகத்தான் துடிக்கிறா."

"போறேன்னு அவ வாயால சொன்னாளா?"

"சொல்ல விட மாட்டேன்" என்றாள் அக்கா. "அவரு கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடப் போறேன், கூட்டிட்டுப் போங்கன்னு."

தம்பி துணியை எடுத்து முகத்தைத் துடைத்தான். "உனக்குப் பைத்தியமா? இதுக்காகத்தானே ரெண்டு வருஷமா மாத்திரைய முழுங்கி, உடம்பத் தேத்தி, அந்த ஜன்னலுக்குப் புதுத் திரை வரைக்கும் தெச்சு வெச்சிருக்கே?"

"ஆஸ்பத்திரியில நடந்தது ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அக்கா படுத்திருந்த சமயம், ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க மிளகைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு நர்ஸ், பாவம், விளையாட்டாகத்தான் கேட்டாள், உனக்கு அம்மா வேணுமா அப்பா வேணுமா என்று. ஆறு வயசு மிளகு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயே வாந்தி எடுத்தாள். மூன்று நாள் காய்ச்சல்.

"அம்மா வேணாம்னு என் மூஞ்சிக்கு நேரா அவ சொல்லணுமா? சொல்லிட்டு காலமெல்லாம் அத நெனச்சுக்கிட்டே இருக்கணுமா? வேணாம்டா. அந்தப் பாரம் என்னோட போகட்டும்."

"அக்கா, அவ இன்னும் ஒன்னுமே சொல்லல. அதுக்குள்ள பதில நீயே எழுதிக்காத. ஒரு மணி நேரம் பொறு. நான் வர்றேன். நான் கேக்கறேன் அவகிட்ட, பக்குவமா."

"நீ பக்குவமா கேட்டு, அவ அழுது..."

அடுப்பில் மணி அடித்தது. தம்பி தட்டை இழுக்க ஓடினான். திரும்பிப் பார்க்கும்போது அக்கா போய்விட்டிருந்தாள். சர்க்கரைத் தூளை வாங்கவும் மறந்துவிட்டாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். நேரம் தவறாத ஆள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பேச்சு வராத நேரங்களில் எல்லாம் கண்ணாடி சுத்தமாகிவிடும்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். உக்காருங்க. டீ போடவா?"

"வேணாம். தண்ணி போதும். இருமல் இல்லையே இப்போ?"

"இல்ல."

மிளகு அறையிலிருந்து ஓடி வந்து அவர் மேல் விழுந்தாள். தலை வாரி, நல்ல கவுன் போட்டு, தானே கிளிப் மாட்டியிருந்தாள். கிளிப் கோணலாக இருந்தது. இன்றைக்கு முக்கியமான நாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் ஏறி, கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மிளகு, அப்பாவும் அம்மாவும் உங்கிட்ட ஒன்னு கேக்கணும்னு..."

"நான் ஒன்னு சொல்லிடறேங்க" என்றாள் அக்கா.

குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. மிளகு திரும்பிப் பார்த்தாள். அக்கா மகளைப் பார்க்கவில்லை. மேஜை மேல் காய்ந்து ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"அவ உங்ககூடவே இருக்கட்டும். கேக்கறதுக்கு ஒன்னும் இல்ல. எனக்கு அச்சகத்துல ரெண்டு ஷிப்ட் போட்டுட்டாங்க. காலைல போனா ராத்திரிதான். என்னால பாத்துக்க முடியாது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

"ஒரு மாசமே எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள். "எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல?"

அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

மிளகு அழவில்லை. அக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பாடா என்ற நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்த முகத்தில் அது இல்லை. மடியில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"சரி" என்றாள்.

உள்ளே போய் மூன்று டப்பாக்களையும் எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. மிளகு சத்தமில்லாமல் ஒரு வேலை செய்து அந்த வீடு பார்த்ததில்லை.

"உன் பெட்டி எங்கம்மா?" என்று கேட்டார் அவர்.

"கட்டல."

"ஏன் கட்டல? நான் வர்றேன்னு தெரியும்ல?"

மிளகு வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுந்து அறைக்குள் போனார். அக்காவும் பின்னால் போனாள். அலமாரியைத் திறந்தார். முப்பது நாளைக்கு முன்னால் கொண்டு வந்த கவுன், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் வரை எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. கீழ்த்தட்டில் கிடந்த அக்காவின் பழைய புடவைகளைத் தள்ளி, அங்கே ஷூவுக்கு ஒரு இடம் செய்து வைத்திருந்தாள். காலி செய்ய நினைக்கிற பிள்ளையின் அலமாரி இல்லை அது.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மிளகு..."

"அப்பா சொன்னாரு" என்றாள் மிளகு, அறை வாசலில் நின்றுகொண்டு. "முன்னாடியே யார்கிட்டயும் சொல்லக் கூடாது, ரெண்டு பேரும் ஒன்னா இருக்கும்போது சொன்னாத்தான் கணக்குன்னு. அதான் நான் காலைல சொல்லல. நீ வளையம் ஒட்டிக்கிட்டே இருந்தே. அந்த நாளே வராம போயிடுமோன்னு பயந்துதான் பிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏம்மா முந்திக்கிட்டே?"

"கண்ணு, அம்மா தெரியாம..."

"ரெண்டு பேர் முன்னாடியும் சொல்லிட்டே. கணக்குல வந்துடுச்சு."

சொல்லிவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தாள். அக்கா கட்டில் கம்பியை விடாமல் நின்றாள்.

அவர் அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார். டப்பாக்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்று, திரும்பிப் பார்க்காமல், "துணி இங்கேயே இருக்கட்டும்" என்றார். அவரும் இறங்கிப் போனார்.

ஒரு மாடி இறங்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அக்கா ஓடிப் போய்ப் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து கத்தினாள். கீழ்வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மிளகு! அம்மா சொன்னது பொய்டி! பொய் சொன்னேன்!"

கீழே காலடிச் சத்தம் நின்றது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சின்னக் கை ஒன்று கைப்பிடியைப் பிடித்திருந்தது. முகம் தெரியவில்லை.

"எதும்மா பொய்?" என்று கேட்டது குரல். "அப்போ சொன்னதா, இப்போ சொல்றதா?"

மூன்று வளையத்தை ஒட்டி ஏமாற்றப் பார்த்தவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்? அந்தக் கை கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு கைப்பிடியை விட்டது; காலடிச் சத்தம் மறுபடி கீழே இறங்கியது.